மலையைச் சுற்றி வந்த தேன் மெஷின்

என் மாமியார் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த கொஞ்ச நாளிலேயே எங்கேயோ தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்விட்டு, இரண்டு மரப்பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பெட்டிக்குள் உயிரோடு தேனீக்கள் இருக்கின்றன என்பது ஆட்டோக்காரருக்கு இறங்கும்போதுதான் தெரிந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்று அவர் தழுதழுத்த குரலில் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பெட்டிகள் மொட்டை மாடிக்குப் போயின. அத்தை அவற்றை 'வார்டு' என்றுதான் சொல்வார். காலையில் எழுந்ததும் ரவுண்ட்ஸ். இறங்கி வந்து என்னிடம் நிலவரம் சொல்வார். "மொத வார்டு நார்மல் மாப்ள. ரெண்டாவது வார்டுல கொஞ்சம் கோவம் ஜாஸ்தி, இன்னிக்கு விசிட்டர்ஸ் வேணாம்."

நான் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அத்தைக்கும் எனக்கும் நடுவே இருந்தது கலப்படமில்லாத மரியாதை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதற்கு நான் மறுப்புச் சொன்னதில்லை, நான் சொன்னதற்கு அவரும் சொன்னதில்லை. மின்விசிறியைக் கூட்டவா என்று அவர் கேட்டால், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாலும் "உங்க இஷ்டம் அத்தை" என்பேன். அவருக்கும் குளிரும். ஆனால் மாப்பிள்ளைக்குப் புழுங்குகிறதோ என்று கூட்டிவிடுவார். இரண்டு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு டிவி பார்ப்போம்.

முதல் தேனைக் கையால்தான் எடுத்தோம். அடையை வெட்டி, வெள்ளைத் துணியில் கட்டி, அண்டாவுக்கு மேல் வைத்துப் பிழிந்தோம். தேன் வந்தது. கூடவே மெழுகு, மகரந்தம், என் முழங்கை முடி எல்லாம் வந்தன. அடை கூழாகிவிட்டது. அத்தை அந்தக் கூழைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இதுங்க எத்தினி நாள் கஷ்டப்பட்டுக் கட்டின வீடு மாப்ள. கால்ல இருக்கற கட்டிய எடுக்கச் சொன்னா காலையே எடுத்துட்ட மாதிரி இருக்கு."

அன்றைக்குத்தான் மெஷின் வாங்குவது என்று முடிவானது. அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு டிரம். உள்ளே கம்பிக்கூண்டு. தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களை அந்தக் கூண்டில் நிறுத்தி, மேலே இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால், தேன் தெறித்து டிரம்மின் சுவரில் வழிந்து அடியில் சேரும். கீழே குழாய் இருக்கும், திறந்து பிடித்துக்கொள்ளலாம். அடை உடையாது. சட்டத்தை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டால் தேனீக்கள் மறுபடி நிரப்பிக்கொள்ளும்.

கேள்வி ஒன்றுதான். எந்த மெஷின்? இரண்டு சட்டம் பிடிப்பது, நான்கு சட்டம் பிடிப்பது, எட்டுச் சட்டம் பிடிப்பது என்று இருந்தன. எங்களிடம் இருந்ததோ இரண்டு பெட்டி.

கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனில் படங்களைத் தேடினேன். சாயங்காலம் அத்தையிடம் காட்டினேன். முதலில் வந்தது எட்டுச் சட்ட மெஷின். எவர்சில்வரில், இடுப்பு உயரத்துக்கு, மூன்று கால்களில் நின்றது.

"நல்லா பளபளனு இருக்கு" என்றார் அத்தை.

"ஆமா அத்தை. கம்பீரமா இருக்கு" என்றேன்.

"உங்களுக்கு எது புடிக்குதோ அது வாங்குங்க மாப்ள."

"வேலை செய்யப் போறது நீங்க. நீங்க சொல்லுங்க."

"எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான் மெஷினோட பொழங்கறவரு."

இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். பட்டா நகல் எடுக்க வந்த ஒருவர், இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் ஐந்து வாங்கச் சொன்னார். ஐந்து கிடையாது என்றேன். "அப்ப அதுல ஏதோ ஏமாத்து வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு நகலை வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் என் மனைவிதான் சலித்துப்போய் ஒரு வழி சொன்னாள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கொல்லையில் தேனீ வளர்க்கிறாராம், மெஷினும் வைத்திருக்கிறாராம். "போயி நேர்ல பார்த்துட்டு வாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிப் பேசியே அந்தத் தேன் கெட்டுப் போயிடும்" என்றாள். தேன் கெடாது என்று அத்தையும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் முழு உடன்பாடு இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். கதவைத் திறந்தது அவருக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மா. மஞ்சள் பூசிய முகம், இடுப்பில் சாவிக்கொத்து.

"வாங்க சார். தேனீ விஷயமாத்தான வந்தீங்க? அவரு கொல்லையில கீறாரு. ஆனா பேச மாட்டாரு."

"எங்களோடயா?"

"யாரோடயும். மௌன விரதம். வருஷக்கணக்கா. நீங்க கேளுங்க, அவரு கையால சொல்லுவாரு, நான் உங்களுக்குச் சொல்றேன். எனக்கு எல்லாம் புரியும்."

கொல்லையில் வேப்பமரத்தடியில் நெட்டையாக, தாடியோடு, வெள்ளை வேட்டியில் அவர் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு சின்ன மெஷின். பால் கேனைவிடக் கொஞ்சம் பெரிசு. நான் தமிழும் ஆங்கிலமுமாக எங்கள் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தன் மெஷினைத் தட்டிக் காட்டி, இரண்டு விரலை உயர்த்தி, தலையை ஆட்டினார்.

"ரெண்டு பத்தலன்றாரு" என்றார் வீட்டுக்கார அம்மா.

வெள்ளைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களிடம் திரும்பி, இரண்டு கைகளையும் அகல விரித்து, பெரிய டிரம் ஒன்றைக் கட்டிப்பிடிப்பதுபோலக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார்.

"பெருசா வாங்கினா அப்டியே ஆனந்தமா இருக்கும்ன்றாரு."

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் சின்ன வட்டம் ஒன்று போட்டு அதற்கு டிக் அடித்தார். பெரிய வட்டம் ஒன்று போட்டு அதைக் குறுக்கே அடித்தார்.

"இன்னிக்குச் சின்னதாத்தான் தெரியும், நாளைக்குப் பெருசா வளரும்னு சொல்றாரு. வேதாந்தம்" என்றார் அம்மா.

அவர் குச்சியைக் கீழே போட்டார். வானத்தைப் பார்த்தார். எங்களை நோக்கிக் கைகூப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ஆசீர்வாதம் பண்ணிட்டாரு. போயி வாங்கிடுங்க."

திரும்பி வரும்போது அத்தை பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்தக் கைஜாடைகளுக்கு வேறு அர்த்தம் இருக்குமோ என்று எனக்குப் பலமாகத் தோன்றியது. ஆனால் அத்தைக்குப் பளபளப்பின் மேல் ஆசை, அதை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்? சிக்னலில் நின்றபோது, "பெரியவரே சொல்லிட்டாரு, இல்லீங்களா மாப்ள?" என்றார். "ஆமா அத்தை, சொல்லிட்டாரே" என்றேன். வீட்டுக்குப் போனதும் எட்டுச் சட்ட மெஷினுக்கு ஆர்டர் போட்டேன்.

அது வந்து சேர்ந்த நாள் பௌர்ணமி.

மதியம் பார்சல் வண்டி டிரைவர் போன் செய்தார். செங்கம் ரோட்டுப் பக்கமாக வந்தவரை, கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ் நிறுத்திவிட்டது. டவுனுக்குள் வண்டி வராது, சாமானை எங்கே இறக்குவது என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வீடு அந்த வீடுதான். அங்கே இறக்கச் சொன்னேன். மறுநாள் போய் எடுத்திருக்கலாம். "வராண்டாவுலயா வச்சிருப்பாங்க? நாய் வந்து அது மேல கால் தூக்கிச்சுன்னா?" என்று அத்தை மெல்ல இழுத்தார். அது வேண்டுகோளா, உத்தரவா, வெறும் கவலையா என்று எனக்குத் தெரியவில்லை. கிளம்பிவிட்டோம். பைக்கை முடிந்தவரை ஓட்டி, ஓரம் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கூட்டத்தோடு நடந்தோம்.

மெஷின் வாசலில் நின்றது. டிரைவர் அட்டைப்பெட்டியை வண்டியிலேயே பிரித்துவிட்டாராம். படத்தில் பார்த்ததைவிடப் பெரியதாக இருந்தது. வீட்டுக்கார அம்மா அதைச் சுற்றி வந்து தொட்டுக் கும்பிட்டார். சத்தம் கேட்டு வெள்ளைக்காரர் வெளியே வந்தார். மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மறுபடி மெஷினைப் பார்த்தார்.

"ஏன்?" என்றார், தமிழில், நல்ல உச்சரிப்போடு.

வீட்டுக்கார அம்மா கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. "பேசிட்டாரு! ஐயோ, பேசிட்டாரு!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். வெள்ளைக்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா அந்தப் பூரிப்பில் கொல்லையில் கிடந்த, பழம் விற்கிற பழைய தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மெஷினை அதில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். டவுன் பக்கம் வண்டியைத் திருப்பினேன். பத்தடி போவதற்குள் எதிரே வந்த கூட்டம் முழுக்க எங்கள் மேல் பாய்ந்தது. "எதிர்ல வராதீங்க!" "யாருப்பா அது, இடப்பக்கமா சுத்தறது?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு போலீஸ்காரர் வந்து வண்டியின் முன்சக்கரத்தைக் காலால் தடுத்தார்.

"சார், வேங்கிக்காலுக்குப் போவணும்" என்றேன்.

"போங்க. யாரு வேணான்னது? இப்படிப் போங்க" என்று மேற்கே காட்டினார்.

"அது மலையைச் சுத்திப் போற வழிங்க."

"இன்னிக்கு எல்லாரும் மலையைச் சுத்தித்தான் சார் போறாங்க."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "உங்களுக்கு முடியுமா மாப்ள?" என்றார். "உங்களுக்கு முடியும்னா எனக்கும் முடியும் அத்தை" என்று நானும் செருப்பைக் கழற்றினேன். அப்படித்தான் அந்த மெஷின் கிரிவலம் கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும் கவனித்தேன், எங்களுக்குப் பின்னால் ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. எவர்சில்வர் டிரம், அடியில் குழாய், தள்ளுவண்டி. அதைப் பார்த்த யாரும் தேன் மெஷின் என்று நினைக்க வாய்ப்பே இல்லை. நான் வியர்வை துடைக்க நின்றதும் வரிசையும் நின்றது. முன்னால் நின்ற பெரியவர் காகித டம்ளரைக் குழாய்க்கு அடியில் பிடித்துத் திறந்தார்.

"காலிங்க ஐயா" என்றார் அத்தை.

"தீந்து போச்சாம்" என்று பெரியவர் பின்னால் சொன்னார். வரிசை நெடுகிலும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. ஆனால் யாரும் கலையவில்லை. "அடுத்த எடத்துல ரொப்புவாங்க" என்று பின்னாலிருந்து ஒரு பெண் நம்பிக்கையோடு சொன்னாள். நாங்கள் நடக்க, அவர்களும் நடந்தார்கள். இது தேன் எடுக்கிற மெஷின் என்று நின்று விளக்கிப் பார்த்தேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. தேன் கொடுக்கிறார்கள் என்று சொல்லி மேலும் பலர் சேர்ந்துகொண்டார்கள்.

அடி அண்ணாமலை தாண்டி ஒரு பந்தலில் நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதைவிட, தரையில் ஓடிய மோரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் சரி. அவர்களுடைய பிளாஸ்டிக் டிரம் அடியில் விரிசல் விட்டிருந்தது. தோளில் துண்டு போட்டிருந்த பந்தல்காரர் எங்கள் வண்டியையும் அதன் பின்னால் வந்த ஊர்வலத்தையும் பார்த்தார். கண்ணில் நீர் தளும்பியது.

"அண்ணாமலையாரே அனுப்பிட்டாரு" என்று ஓடி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். "உங்க இஷ்டம்" என்று இருவரும் சொன்னோம். அதற்குள் நாலைந்து பேர் மெஷினை இறக்கிவிட்டார்கள்.

அப்போதுதான் அத்தை பழைய தலைமைச் செவிலியராக மாறினார். "நிறுத்துங்க! கொதிக்கிற தண்ணி கொண்டாங்க. கையைக் காட்டுங்க, நகம் வெட்டலையா? தள்ளி நில்லுங்க." பந்தல் முழுக்க அடங்கிப்போனது. மெஷினைக் கொதிநீரில் கழுவி, துடைத்து, அவர் தலையசைத்த பிறகுதான் தயிரும் தண்ணீரும் உள்ளே போயின. கலக்குவதற்குக் கரண்டி தேடினார்கள். நான் கைப்பிடியைச் சுற்றினேன். உள்ளே கம்பிக்கூண்டு தயிரைச் சிலுப்பியது. நுரை பொங்கிக்கொண்டு மோர் வந்தது பாருங்கள், அப்படி ஒரு மோரை அந்தப் பந்தல் கண்டதில்லை. பந்தல்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கைப்பிடியைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். எல்லோரும் முறை போட்டுச் சுற்றினார்கள். அளவுக்கு மீறிச் சுற்றியதில் கூண்டு முழுக்க வெண்ணெய் திரண்டு ஒட்டிக்கொண்டது. அதை வழித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். வெண்ணெய்ப் பிரசாதம் என்று பேச்சுப் பரவி, கூட்டம் சாலையை மறித்துக்கொண்டு நின்றது.

மெஷினைத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. பந்தல்காரர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "இது மோர் மெஷின் இல்லீங்க, தேன் மெஷினு" என்றேன். "உங்களுக்குத் தெரியல சார்" என்றார் அவர். அத்தை பேசி, சமாதானப்படுத்தி, எங்கள் போன் நம்பரைக் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தார். ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து வேங்கிக்கால் பக்கம் திரும்பியபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. என் மனைவி வாசலில் நின்று, வெறுங்காலோடு வந்த எங்களையும் வெண்ணெய் வாசனை அடித்த மெஷினையும் பார்த்தாள். உள்ளே போய் வெந்நீர் வைத்தாள்.

தேன் எடுத்தது அதற்கு அடுத்த மாதம். மெஷின் மாடிப்படியின் திருப்பத்தில் திரும்பவில்லை. அதனால் ஹாலில் வைத்து, தேனீ வராமலிருக்க ஜன்னல்களையெல்லாம் சாத்தி, சட்டங்களைக் கீழே கொண்டுவந்தோம். அடையின் மேல் இருந்த மெழுகு மூடியை அத்தை கத்தியால் மெல்லிசாகச் சீவிய நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் சட்டத்தைக் கூண்டில் வைத்ததும் அது சரிந்து அடியில் விழுந்தது. கூண்டு பெரிய சாதித் தேனீயின் சட்டத்துக்குச் செய்தது. எங்களுடையது நாட்டுத் தேனீ, சட்டம் சின்னது. அத்தை உள்ளே போய் பேண்டேஜ் சுருளைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சட்டத்தையும் கூண்டோடு சேர்த்து, உடைந்த கையைக் கட்டுவதுபோலக் கட்டினார். "இப்ப சுத்துங்க மாப்ள. மெதுவா. பேஷண்டு பயப்படக் கூடாது."

சுற்றினேன். தேன் தெறிக்கும் சத்தம், தகரக் கூரையில் தூறல் விழுவதுபோலக் கேட்டது. இருவரும் சிரித்தோம். சுற்றி முடித்துக் குழாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தோம். அவ்வளவு பெரிய சுவர் முழுக்கத் தேன் மெல்லிய பூச்சாகப் பரவியிருந்தது. அடியில் சேர்ந்தது குழாயின் மட்டத்தைத் தொடவே இல்லை. மெஷினைச் சாய்த்தோம். தட்டினோம். கடைசியில் என் மனைவி தோசைக் கரண்டியோடு வந்து, இடுப்பு வரை உள்ளே குனிந்து வழித்தாள். ஒரு பாட்டில்கூட நிறையவில்லை. மிச்சம் பேண்டேஜ் குடித்துவிட்டது.

தலைமுடியில் தேனோடு நிமிர்ந்த அவள், "ரெண்டு பொட்டிக்கு யாரு இவ்ளோ பெருசு கேட்டது?" என்றாள்.

அத்தை கையில் ஒட்டியிருந்த தேனைப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"மாப்ள ஆசைப்பட்டாரு" என்றார் அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு.

"நானா? அத்தைதான் பளபளனு இருக்குன்னாங்க!"

"பளபளனு இருந்துச்சு, சொன்னேன். வாங்கலாம்னா சொன்னேன்? நீங்கதான் கம்பீரமா இருக்குன்னீங்க."

"அது... உங்களுக்காகச் சொன்னது அத்தை."

"எனக்குச் சின்னதுதான் புடிச்சிருந்துச்சு. அந்தப் பால் கேன் மாதிரி இருந்தது."

"எனக்கும்!"

என் மனைவி தோசைக் கரண்டியை வைத்துவிட்டு, அதே ஹாலில் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் அத்தைக்குக் கோபம் வந்தது. பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வரச் சற்று நேரமானது. மலையைச் சுற்றிய கால்வலி நினைவுக்கு வந்திருந்தது.

பெரிய மெஷினைப் பந்தல்காரரே ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு போனார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதில் மோர் கடைகிறார்கள், மாலை போட்டு, குங்குமம் வைத்து. சின்ன மெஷினை என் மனைவியே தேர்ந்தெடுத்தாள். குக்கரில் மூன்றாவது விசில் வருவதற்குள் ஆர்டர் போட்டு முடித்துவிட்டாள். இரண்டு சட்டம், எங்கள் சட்டத்துக்குச் சரியான கூண்டு, மொட்டை மாடி வரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம். அதில் வந்த முதல் தேனில் வேப்பம்பூவின் கசப்பு லேசாக இருந்தது. அத்தைக்கு அந்தக் கசப்புப் பிடித்திருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, உங்களுக்குக் கம்மியா ஊத்தறேன்" என்றார்.

மறுநாள் காலை நான் காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லாவே இல்ல மாப்ள."

அந்தக் காபியை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு, சந்தோஷமாக இன்னொரு முறை பாலை அடுப்பில் வைத்தேன்.